ட்ரைக்கின் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோடை வந்துவிட்டால் ஒரு விநோத வண்டி அடிக்கடி கண்ணில் படும். முன்பாதி பெரிய மோட்டார் சைக்கிள். பின்பாதி சிறிய காரின் பின்புறம் போல அகலமாக விரிந்து, இரண்டு பக்கமும் கார் டயர் போட்ட சக்கரங்களோடு இருக்கும். ஓட்டுகிறவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பின்னிருக்கையில் அவருடைய துணைவி சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இதற்குப் பெயர் ட்ரைக்.

இளமையில் இரண்டு சக்கரத்தில் நாடு சுற்றியவர்கள் இவர்கள். முழங்கால் வலியோ இடுப்பு அறுவை சிகிச்சையோ வந்தபின், 400 கிலோவை நெருங்கும் வண்டியைச் சிக்னலில் காலூன்றி நிறுத்துவது முடியாத காரியமாகிவிடுகிறது. வண்டியை விற்க மனம் வருவதில்லை. அதனால் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரமும் ஒரு டிஃபரன்ஷியலும் கொண்ட தொகுதியைப் பொருத்திக்கொள்கிறார்கள். இப்படி மாற்றித் தருவதற்கென்றே தொகுதிகள் விற்கும் நிறுவனங்களும் பட்டறைகளும் அங்கே உண்டு.

நம் ஊரிலும் மூன்றாம் நான்காம் சக்கரம் சேர்த்த வண்டிகள் ஓடுகின்றன. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதில் வண்டியைத் தள்ளுவது நடுவில் இருக்கும் பழைய பின்சக்கரம்தான். பக்கத்துச் சக்கரங்கள் விழாமல் தாங்க மட்டுமே. எஞ்சினுக்கும் அவற்றுக்கும் தொடர்பு கிடையாது. அமெரிக்க ட்ரைக்கில் நடுச் சக்கரமே இல்லை. பல ட்ரைக்குகளில் எஞ்சினின் சக்தி முழுவதும் ஒரு இரும்புத் தண்டு வழியாகப் பின்னால் போய், அங்கே இரண்டாகப் பிரிய வேண்டும். இந்தக் கட்டுரை ஷாஃப்ட் எனப்படும் அந்தத் தண்டைப் பற்றியது.

மோட்டார் சைக்கிள் என்றாலே நமக்குச் செயின்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஷாஃப்ட் வைத்த வண்டிகளுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905-லேயே நான்கு சிலிண்டர் வண்டியில் ஷாஃப்ட் வைத்தது. பி.எம்.டபிள்யூ. 1923-இல் வெளியிட்ட தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-இலும் ஷாஃப்ட்தான். ஹோண்டா 1975-இல் கோல்ட் விங் என்ற நெடும்பயண வண்டியைக் கொண்டுவந்தபோது அதே வழியைப் பின்பற்றியது. 1988-இல் அந்த வண்டி ஆறு சிலிண்டராக வளர்ந்தது, ரிவர்ஸ் வசதியும் சேர்ந்தது. 2001-இல் 1,832 சி.சி. ஆனது. ட்ரைக்காக மாறும் ஷாஃப்ட் வண்டிகளில் கோல்ட் விங்குக்குத்தான் முதலிடம். ஹார்லி டேவிட்சன் கதை வேறு. 1932 முதல் 1973 வரை அது தயாரித்த சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டிக்குச் செயின். இன்றைய ட்ரை கிளைடுக்கு பெல்ட். அதனால் ஷாஃப்ட் பற்றிப் பேசினால் பேச்சு கோல்ட் விங்கில்தான் போய் நிற்கும்.

ஷாஃப்ட்டின் சிறப்பு என்ன? செயினைப் போல அடிக்கடி எண்ணெய் விட வேண்டாம், இறுக்கம் பார்க்க வேண்டாம், மழையும் மண்ணும் அதைத் தொடுவதில்லை. செயினைவிடக் கொஞ்சம் கனம் கூடுதல், வழியில் கொஞ்சம் சக்தியும் விரயமாகும். நெடும்பயணக்காரர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஹோண்டாவின் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில், பராமரிப்பு ஒழுங்காக இருந்தால், இந்த ஷாஃப்ட் லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகக் கடக்கும். அதே ஷாஃப்ட், வண்டி ட்ரைக்கானபின் சில சமயம் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

முதல் காரணம் சுமை. மாற்றுத் தொகுதியால் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் எடை கூடும். அதைவிட முக்கியமானது டயரின் பிடிப்பு. பின்சக்கரம் ஒன்றே உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரைத் திடீரென்று திருகினால் டயர் சற்று வழுக்கி அதிர்ச்சியை விழுங்கிவிடும். இரண்டு அகலமான கார் டயர்கள் சாலையைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது அந்த வழுக்கல் கிடைக்காது. அதிர்ச்சி முழுவதும் ஷாஃப்ட்டின் இணைப்புகளில் வந்து இறங்குகிறது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்குவிசை மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகித்தான் ஷாஃப்ட்டுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் எதற்கு என்பதை நம் ஆட்டோ ஓட்டுநர்களிடம் சொல்லித்தர வேண்டியதில்லை. சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு யூ-டர்ன் எடுத்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 3.77 மீட்டர் அதிகமாக உருள வேண்டும். திருப்பம் சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. இரண்டையும் ஒரே இரும்பாகப் பிணைத்தால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். டிஃபரன்ஷியல் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. நம்முடைய பஜாஜ் ஆட்டோவில் எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் பின்னால் ஒரே கட்டாக இருப்பதால், அங்கிருந்து சக்கரத்துக்கு இரண்டு குட்டை ஷாஃப்ட் போதும். கோல்ட் விங்கில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஷாஃப்ட் வண்டியின் ஒரு ஓரமாகப் பின்னால் வருகிறது. டிஃபரன்ஷியலோ நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் வருவதை நடுவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஷாஃப்ட் சாய வேண்டும், அல்லது டிஃபரன்ஷியலின் வாய் ஒருபக்கம் தள்ளி அமைய வேண்டும். மாற்றுத் தொகுதியின் தரம் இந்த ஒரு இடத்தில் தெரிந்துவிடும்.

சாய்ந்த தண்டுகளை இணைப்பது யுனிவர்சல் ஜாயிண்ட். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறைகளில் வெறுமனே ‘கிராஸ்’ என்பார்கள். இரண்டு கவைகள், நடுவில் கூட்டல் குறி வடிவில் ஒரு எஃகுத் துண்டு, அதன் நான்கு முனையிலும் நீடில் பேரிங் வைத்த கப்புகள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயர் இதற்கு உண்டு. பள்ளியில் ஸ்பிரிங் பற்றிய விதியாக நாம் படித்த ராபர்ட் ஹூக் 1676-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார்.

கிராஸுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. சாய்வாகச் சுற்றும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரி ஆனால் 6 சதவீதமாகிவிடுகிறது. கோணம் இரட்டிப்பானதும் குலுக்கல் நான்கு மடங்கானதைக் கவனியுங்கள். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், வினாடிக்கு 100 முறை அந்தத் தண்டு முன்னும் பின்னும் உலுக்கப்படுகிறது.

இதற்கு மருந்து இரண்டாவது கிராஸ். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொன்றை வைத்து, இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்து, நடுத் தண்டின் இரண்டு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதல் கிராஸ் உண்டாக்கிய கோளாறை இரண்டாவது கிராஸ் நேராக்கிவிடும். இதில் ஒரு நிபந்தனை தவறினாலும் பயன் இல்லை. ஷாஃப்ட்டைக் கழற்றிய மெக்கானிக் அதன் முனைப் பற்களில் (ஸ்பிளைன்) ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், எல்லாம் புதுச் சாமானாக இருந்தாலும் வண்டி அதிரும். கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு இணையான இலவச வைத்தியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கோணமே இல்லாமல் நேர்க்கோட்டில் வைத்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் கெடுதல். கோணம் பூஜ்யமானால் கப்புக்குள் இருக்கும் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கும். சில மாதங்களில் கிராஸின் முனைகளில் வரிவரியாகப் பள்ளம் விழுந்துவிடும். ஒன்றிரண்டு டிகிரிச் சாய்வு இருந்தால்தான் ஊசிகள் புரண்டு, கிரீஸும் பரவும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஷாஃப்ட்டின் முனைகளில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். இவைதான் ஸ்பிளைன். பின்பக்கம் மேலும் கீழும் ஆடும்போது எஞ்சினுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையிலான தூரம் சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். அப்போது இந்தப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி அந்த நீளத்தைச் சரிக்கட்டும். பெரும் விசையைத் தாங்கிக்கொண்டே வழுக்க வேண்டியிருப்பதால் சாதாரண கிரீஸ் போதாது. மாலிப்டினம் டைசல்பைடு அதிகம் கலந்த கருநிறப் பசை வேண்டும். அது காய்ந்துபோனால் பற்களின் உரசலில் செந்நிறத் துருப்பொடி கிளம்பும். அந்தப் பொடியே அரத்தூள் போலப் பற்களை அறுக்கும். கடைசியில் பற்கள் கத்திமுனை போலக் கூராகி, ஒருநாள் மொத்தமாக வழுக்கிவிடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

இரண்டு சக்கரமாக இருந்தபோது இந்த ஆபத்து குறைவு. பழைய கோல்ட் விங்குகளில் பின்டயர் மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கடைசிக் கியர்ப் பெட்டியிலிருந்து உருவியாக வேண்டும். உருவினால் பற்கள் கண்ணில் படும். அக்கறையுள்ள மெக்கானிக் அப்படியே இன்னும் நான்கு நட்டைக் கழற்றி ஷாஃப்ட்டையும் வெளியே எடுத்துத் துடைத்துப் பசை வைப்பார். டயர் தேய்வதே நினைவூட்டலாக இருந்தது. ட்ரைக்கில் டயர் மாற்றுவது கார் டயர் மாற்றுவது போல. நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை எடுத்தால் முடிந்தது. ஷாஃப்ட்டை யாரும் பார்ப்பதில்லை. அந்த டயர்களும் மோட்டார் சைக்கிள் டயரைவிட நீண்ட காலம் உழைப்பவை. ஆகவே பல ஆண்டுகள் பசை காணாமல் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். ட்ரைக் ஷாஃப்ட்டுகளின் சேதத்தில் எஞ்சின் பலத்தைவிட இந்த மறதிக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. மாற்றித் தரும் பட்டறைகள் வண்டியை ஒப்படைக்கும்போதே இதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

நோய் வருமுன் ஷாஃப்ட் சத்தம் போட்டுச் சொல்லும். ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாறும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்டால், கிராஸிலோ ஸ்பிளைனிலோ ஆட்டம் விழுந்திருக்கிறது. வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால் கோணமோ பேலன்ஸோ தவறு. கிராஸின் கப்பைச் சுற்றிச் செந்நிறப் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது. இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன் உள்ள தொகுதிகளில், டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குக் காரில் இருப்பது போன்ற சி.வி. ஜாயிண்ட் வைத்த குட்டை ஷாஃப்ட்டுகள் போகும். மெதுவாகத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்றால் குற்றம் அங்கே. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருப்பதைக் குனிந்து பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். பூட் கிழிந்த அன்றே மாற்றினால் செலவு ரப்பரோடு போகும். மண் புகுந்துவிட்டால் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும்.

பழுது பார்ப்பது நம் லாரிப் பட்டறைக்காரருக்குக் கைவந்த வேலைதான். கப்புகளைப் பிடித்திருக்கும் லாக்குகளைக் கழற்றி, வைஸில் வைத்து ஒரு கப்பை அழுத்தினால் எதிர்க் கப் வெளியே வரும். புதுக் கிராஸ் போடும்போது கவனம் ஊசிகள் மேல் இருக்க வேண்டும். ஒரு ஊசி சரிந்து அடியில் விழுந்தாலும் லாக் அதன் பள்ளத்தில் உட்காராது. அடித்து உட்கார வைக்கப் பார்க்காமல் திரும்பக் கழற்றிப் பார்ப்பதே சரி. மாட்டியபின் கிராஸ் எல்லாப் பக்கமும் கையால் தள்ளினாலே அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் கவையில் லேசாக ஒரு தட்டு தட்டினால் கப்புகள் இடம் பார்த்து உட்காரும்.

உதிரிச் சாமான் கிடைப்பதில்தான் ட்ரைக்காரர்கள் அதிகம் திணறுவார்கள். முன்பாதி ஹோண்டா, பின்பாதி ஏதோ ஒரு காரின் பாகம், நடு ஷாஃப்ட் தொகுதி செய்தவரின் தயாரிப்பு. அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. கப்பின் விட்டம், எதிரெதிர்க் கப்புகளின் முகங்களுக்கு இடையிலான நீளம், லாக் உள்பக்கமா வெளிப்பக்கமா என்ற விவரம், இந்த மூன்றையும் அளந்து சொன்னால் பெரும்பாலும் அந்தக் கிராஸ் எந்தக் காருடையது என்று தெரிந்துவிடும். ஷாஃப்ட்டின் குழாயை வெட்டி ஒட்ட நேர்ந்தால், கடைசல் பட்டறையில் நேர் பார்த்து வெல்டு செய்து, சுற்றவிட்டு பேலன்ஸும் செய்ய வேண்டும். பழைய குழாயில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டுகளை அழுக்கென்று நினைத்துத் தட்டி எடுத்துவிடாதீர்கள். பேலன்ஸுக்காக வைத்தவை அவை.

டொராண்டோவிலோ டெக்சாஸிலோ ட்ரைக் வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை பேசும்போது ஒன்று கேளுங்கள்: ஷாஃப்ட்டைக் கழற்றி ஸ்பிளைனுக்குக் கடைசியாகப் பசை வைத்தது எப்போது? பதில் தெரியவில்லை என்றால், இந்தக் குளிர்காலத்தில் வண்டி நிற்கும்போதே கழற்றிப் பார்த்துப் பசை வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் டிஃபரன்ஷியல் மூடியின் மேலேயே பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.