பழைய கணினி, புது கிராஃபிக்ஸ் கார்டு, இருண்ட திரை

அப்பாவின் மேசைக் கணினிக்குப் பதினைந்து வயசு தாண்டிவிட்டது. இன்டெல் ஜி41 சிப்செட் மதர்போர்டு, கோர் 2 டுவோ ஈ7500 பிராசஸர், 4 ஜிபி ராம். புதுசு வாங்கிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பலமுறை கேட்டாச்சு. சிக்கல் என்னவென்றால், அப்பா தன் ஊர்க் குறிப்புகள், கோயில் குறிப்புகள் எல்லாவற்றையும் 1990களில் வந்த ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளில்தான் வைத்திருக்கிறார். அது 16 பிட் நிரல். 32 பிட் விண்டோஸ் வரைக்கும்தான் அது ஓடும், 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களுக்கு இடமே கிடையாது. கோப்புகளும் யூனிகோடில் இல்லை. வேறு கணினியில் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. ஆக, இந்த மிஷின் போனால் அவருடைய இருபது வருஷ எழுத்தும் கூடவே போய்விடும்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்காக 27 அங்குல மானிட்டர் வாங்கினோம். அதில் எச்டிஎம்ஐ மட்டும்தான். மதர்போர்டில் இருப்பதோ விஜிஏ மட்டும். யூடியூபில் 1080பி வீடியோ போட்டால் விக்கி விக்கி ஓடும். சரி, ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ஒரு வார இறுதி வேலை என்று நினைத்தது ஒன்பது நாள் இழுத்தது. பழைய கணினி வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் போட்ட கணக்கு

முதல் கேள்வி மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாக அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் போகும். 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் இந்த வயரே இருக்காது. மேலே ஒட்டியிருக்கும் "450 வாட்" என்பதையும் நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். எங்களுடையதில் 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசஸருக்கு 65 வாட், மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து தாராளமாக 50 வைத்தேன். மிச்சம் 70, 80 வாட்தான்.

அதனால் ஜிடி 1030 எடுத்தேன். அது 30 வாட்தான், தனி வயர் வேண்டாம். இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். இதே பெயரில் இரண்டு விதமான கார்டு உண்டு. ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது நொடிக்கு 48 ஜிபி நகர்த்தும். டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபிதான். பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கேள்வி ஸ்லாட்டின் வேகம். ஜி41இல் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1. ஒரு லேனுக்கு நொடிக்கு 250 எம்பி. ஜிடி 1030 பார்க்க நீளமாக இருந்தாலும் நான்கு லேன்தான் பயன்படுத்தும், ஆக மொத்தம் 1 ஜிபி. இது போதுமா? 1080பி படம் ஒன்று 1920 பெருக்கல் 1080 பெருக்கல் 4 பைட், அதாவது சுமார் 8.3 எம்பி. நொடிக்கு 60 படம் என்றால் 500 எம்பிக்குக் கொஞ்சம் கீழே. சுருக்கவே சுருக்காமல் அனுப்பினாலும் பாதி வழிதான் நிரம்பும். நிஜத்தில் வீடியோ சுருக்கிய வடிவத்திலேயே கார்டுக்குப் போய் அங்கேதான் விரிக்கப்படுகிறது. யூடியூப் பயன்படுத்தும் விபி9 வடிவத்தை விரிக்கும் சர்க்யூட் இந்தக் கார்டிலேயே இருக்கிறது. பழைய பிராசஸர் திணறியதே அந்த வேலையில்தான். எனவே ஸ்லாட் பழசு என்பது இந்த உபயோகத்துக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

முதல் நாள்

கார்டைச் செருகி, எச்டிஎம்ஐ மாட்டி, ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. திரை இருட்டு. கார்டைக் கழற்றிவிட்டுப் பழைய விஜிஏ மானிட்டரையே மாட்டினேன். இப்போது அதிலும் இருட்டு. உள்ளேயிருந்து நீளமான பீப் விட்டு விட்டுக் கேட்டது. பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "போர்டு போயிடுச்சு சார். இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார்கள். திரும்பி வரும்போது அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பீப்பைப் பற்றி நிதானமாகப் படித்தேன். போர்டு பீப் அடிக்கிறது என்றாலே பிராசஸரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். செத்த போர்டு சத்தம் போடாது. அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கோளாறு. நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் ராம். கார்டை இழுத்துக் கழற்றியபோது பக்கத்தில் இருந்த ராம் லேசாக அசைந்திருக்கிறது. இரண்டு ராமையும் கழற்றி, தங்க நிறக் காண்டாக்டுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, இரு பக்கக் கிளிப்பும் "டக்" என்று விழும்வரை அழுத்தினேன். விஜிஏ திரையில் படம் வந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்து கார்டை மறுபடி செருகி, இந்தமுறை இரண்டு மானிட்டரையும் மாட்டினேன். முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். எச்டிஎம்ஐ இருட்டு, விஜிஏவில் படம்! அதாவது கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, படத்தை மட்டும் பழைய வாசல் வழியாக அனுப்புகிறது. பயாஸுக்குள் "இனிட் டிஸ்பிளே ஃபர்ஸ்ட்" என்று ஒரு வரி இருந்தது. அதில் "ஆன்போர்டு" என்றிருந்ததை "பிஇஜி" என்று மாற்றினேன். பிஇஜி என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் கிராஃபிக்ஸ். சேமித்து வெளியே வந்ததும் பெரிய திரை எரிந்தது.

டிரைவரிலும் ஒரு சின்ன முடிச்சு. என்விடியா 32 பிட் விண்டோஸுக்கு டிரைவர் தந்தது 390 வரிசையோடு 2018இல் முடிந்துவிட்டது. புதுசு எதை இறக்கினாலும் ஏறாது. 391.35ஐத் தேடி எடுத்துப் போட்டேன். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. அன்று இரவே பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை

"திரை இருட்டா இருக்குடா" என்று அப்பா ஃபோன்.

ஒரு வாரம் ஃபோனிலேயே வயரை மாற்றி மாற்றிப் போட வைத்தேன். கடைசியில்தான் பழைய விஜிஏ மானிட்டரை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அதில் ஆங்கிலத்தில் ஏதோ இருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தார்: "சிமாஸ் செக்சம் எர்ரர், டிஃபால்ட்ஸ் லோடட், பிரஸ் எஃப்1." எஃப்1 அழுத்துங்கள் என்று கணினி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் பார்க்காத வாசலில் நின்று.

நடந்தது இதுதான். பயாஸ் அமைப்புகளும் கடிகாரமும் மின்சாரம் இல்லாதபோது ஒரு சின்ன நாணய பேட்டரியில்தான் உயிர் வாழ்கின்றன. சிஆர்2032, 3 வோல்ட். பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை, கணினியை ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் ஒரு சின்ன ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. அப்பா தினமும் இரவு சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். உடனே அமைப்புகள் அழிந்து, காலையில் மறுபடி "ஆன்போர்டு" ஆகிவிடும். முதல் நாள் வந்த இருட்டும் இதே காரணம்தான்.

"நான்தான் ஆறு மாசமா சொல்றேனே, தேதி 2009க்குப் போயிடுதுன்னு. நீ வயசானவன் ஏதோ சொல்றேன்னு விட்டுட்ட" என்றார் அப்பா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நோயின் அறிகுறியை அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

பேட்டரியை அவரே கடையில் வாங்கி, நான் ஃபோனில் சொல்லச் சொல்ல, ஒரு கிளிப்பைத் தள்ளிப் பழையதை எடுத்து, பிளஸ் குறி மேலே வரும்படி புதுசைப் போட்டார். பயாஸ் மாற்றத்தையும் அவரே செய்தார். அன்றிலிருந்து திரை இருட்டவில்லை.

நீங்கள் செய்வதானால் இந்த வரிசையில் போங்கள். முதலில் கணினியின் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பேட்டரியை மாற்றிவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். 12 வோல்ட் ஆம்பியரைக் கணக்கிடுங்கள். கார்டு போட்டபின் திரை இருட்டினால் மதர்போர்டின் விஜிஏவிலும் ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். பீப் கேட்டால் எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இன்னொன்று. இந்தக் கணினி இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கோப்புகளை முதல் வேலையாக இரண்டு இடங்களில் நகலெடுத்துவிட்டேன். அந்தப் பழைய எழுத்துருவின் குறியீடுகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்குப் பொருத்தும் அட்டவணையை இப்போது தயாரித்துக்கொண்டிருக்கிறேன். கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் வருவதுதான் தலைவலி. அப்பா பெரிய திரையில் பார்த்துத் தப்பெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறார். இந்தமுறை எழுதி வைத்துக்கொள்கிறேன்.