சீக்கர்ஸ் என்னும் இன்னிசைக் குழு

முழக்கமே இசையென்று கொள்வாரும் உளர்; மெல்லோசையில் உள்ளந் தோய்வாரும் உளர். பின்னவர் பொருட்டே தோன்றிற்றோ என்று நாம் எண்ணத்தகும் பாடற்குழு ஒன்று, 1962ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எழுந்தது. 'தேடுவோர்' எனப் பொருள்படும் சீக்கர்ஸ் என்பது அதன் பெயர்.

குழுவினர் நால்வர். ஆதல் கை பெரிய பிடிலை விரல்களால் மீட்டுவார். புரூஸ் உட்லியும் கீத் பாட்ஜரும் கிதார் வாசிப்பர். இவருட் பாட்ஜர் நம் அண்டையிலுள்ள கொழும்பு நகரிற் பிறந்தவர் என்றறிய நமக்கு ஒருவகை உவகை உண்டாகின்றது. நான்காமவர் ஜூடித் டர்ஹம் என்னும் நங்கை. விளம்பர நிலையமொன்றில் வேலைக்கமர்ந்த இவரை, அங்கேயே பணிபுரிந்த ஆதல் கை குழுவிற்கு அழைத்துச் சென்றார்.

1964இல் இந்நால்வரும் கப்பலிற் பயணிகட்குப் பாடிக்கொண்டே இங்கிலாந்து சென்றனர். பத்து வாரத்தில் மீள்வதே அவர்தம் எண்ணம். ஆயின் ஆங்கு டாம் ஸ்பிரிங்பீல்ட் என்பார் இயற்றித் தந்த பாடல், 1965 பிப்ரவரியில் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. மீளும் எண்ணம் அதனோடு போயிற்று! அவ்வாண்டு நவம்பரில் 'தி கார்னிவல் இஸ் ஓவர்' என்னும் பாடலும் முதலிடம் எய்திற்று. இதன் மெட்டு, வால்கா ஆற்றிலே கலஞ்செலுத்திய ஸ்டெங்கா ராசின் என்னும் கலகத் தலைவனைப் பற்றிய ருஷ்ய நாட்டுப் பாடலினின்றும் எடுக்கப்பெற்றது. வன்செயல் கூறும் மெட்டு காதலர் பிரிவைக் கூறுதற்கு இத்துணைப் பொருந்தியமை நமக்கு வியப்பே. பின்னர் 'ஜார்ஜி கேர்ள்' என்னும் திரைப்படப் பாடல் அமெரிக்காவிலும் அவர்தம் புகழைப் பரப்பிற்று.

இவர்தம் பாட்டின் சிறப்பு யாது? ஆடவர் மூவர் குரலும் தாழ இழைந்து தளமிட, ஜூடித்தின் குரல் அதன்மேல் தெளிந்த நீர்போல் ஓடும். குரலை நடுக்குதலும் இழுத்தலும் இல்லை. சொல் ஒவ்வொன்றும் விளங்கக் கேட்கும். பாடற்பொருள் எளிது, மிக எளிது என்று இகழ்ந்தாரும் இருந்தனர். அவ்விகழ்ச்சியை நாம் ஏற்கிலேம். எளிமையாகப் பாடுதல் எளிதன்று.

1967 மார்ச் 12ஆம் நாள் மெல்போர்ன் திறந்தவெளி அரங்கில் இவரைக் கேட்க இரண்டு லட்சம் மக்கள் திரண்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஜூடித் விலகும் எண்ணத்தை மற்றையோர்க்கு உரைத்தார். தனித்துப் பாட விழைந்தார் அவர். 1968 ஜூலையில் லண்டன் தொலைக்காட்சியில் விடைபெறும் நிகழ்ச்சி நடந்தது, குழு கலைந்தது. உச்சியில் நிற்கும்போது இறங்கியது பிழையென்பார் பலர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் நால்வர் புகழுக்காக ஒருவர் தம் ஆவலை என்றும் அடக்கியிருத்தல் வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டோ?

ஆதல் கை பின்னர் விக்டோரியா மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். பாட்ஜர் 'நியூ சீக்கர்ஸ்' என்னும் வேறொரு குழுவை அமைத்தார். இருபத்தைந்து ஆண்டளவிற்குப் பின், 1993இல், பழைய நால்வரும் மீண்டும் மேடையேறினர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் உடற்குறையுடையோர் விளையாட்டு விழாவின் முடிவில் பாடியபோது, இடுப்பெலும்பு முறிந்திருந்த ஜூடித் சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடினார்.

அவர் 2022 ஆகஸ்ட் 5ஆம் நாள் காலமானார். நான்கு வயதில் கண்ட தட்டம்மையால் அவர் நுரையீரல் என்றும் நோயுற்றிருந்தது. அத்தெளிந்த குரல் எழுந்ததும் அந்நுரையீரலிலிருந்தே.