விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை

விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை என்பது பிரித்தானிய இந்தியாவையும் பிரெஞ்சு இந்தியாவையும் இணைத்த ரயில் பாதை ஆகும். சுமார் 38 கி.மீ. நீளமுள்ள இப்பாதை 1879-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. இன்று ஒரே நாட்டுக்குள் ஓடும் இந்த ரயில், 1954 வரை பன்னாட்டு எல்லை ஒன்றைக் கடந்து சென்றது.

இரு நாட்டு எல்லை ஓர் ஆறாக இருந்தால் ரயிலுக்குச் சிக்கல் குறைவு. பாலத்தின் இக்கரை ஒரு நாடு, அக்கரை மறு நாடு. மலேசியா – தாய்லாந்து எல்லையில் கோலோக் ஆற்றின் மேலுள்ள ரயில் பாலம் அப்படிப்பட்டது. புதுச்சேரிப் பாதையும் வில்லியனூருக்கு அருகே சங்கராபரணி ஆற்றைப் பாலத்தின் வழியே கடக்கிறது. ஆனால் இங்கே எல்லை ஆற்றோடு ஓடவில்லை. ஊர் ஊராக வெட்டித் துண்டு போட்டதுபோல் கிடந்தது. வடக்கே கனகசெட்டிக்குளம் புதுச்சேரியைச் சேர்ந்தது; அங்கிருந்து நகருக்கு வரும் வழியில் தமிழ்நாட்டு நிலம் குறுக்கிடும். விழுப்புரம் சாலையிலும் இதே கதைதான். மதகடிப்பட்டு, திருபுவனை புதுச்சேரி. அடுத்த கண்டமங்கலம் தமிழ்நாடு. அதை அடுத்த அரியூர் மறுபடியும் புதுச்சேரி. புதிதாக வருபவர் குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு.

பிரெஞ்சுப் பகுதியிலிருந்த பாதை, இங்கிலாந்தில் பதிவான பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்கு உரியது. ரயிலை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. உரிமம் தந்த பிரெஞ்சு அரசுக்குக் கம்பெனி தன் நிகர லாபத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதியைச் செலவாகக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வருமான வரி கட்டலாமா என்று சென்னை வருமான வரித் துறையோடு வழக்கு எழுந்தது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. லாபம் வந்த பிறகு அதிலிருந்து கொடுப்பது, லாபம் ஈட்டுவதற்கான செலவு ஆகாது என 1931-இல் தீர்ப்பாயிற்று. சிறிய பாதைதான், ஆனால் வரிச் சட்டம் படிப்போர் இன்றும் இந்த வழக்கைப் படிக்கின்றனர்.

எல்லையின் உண்மையான பொருளை உணர்ந்தவர்கள் அரசியல் அடைக்கலம் தேடி வந்தவர்களே. 'இந்தியா' இதழ் மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்தபோது, 1908-இல் பாரதியார் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயக் காவலர் அவரைக் கைது செய்ய இயலாது. ஒற்றர்களை வைத்துக் கண்காணிக்க மட்டுமே முடிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சில கல் தொலைவுதான் சிறைக்கும் விடுதலைக்கும் இடையே இருந்தது.

எல்லையின் கெடுபிடி எப்போதும் ஒரே அளவில் இருக்கவில்லை. 1941-இல் இரு தரப்புக்கும் சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டதால் சரக்குப் போக்குவரத்து எளிதாயிற்று. 1949-இல் அது முடிவுக்கு வந்தபின் சோதனைகள் திரும்பின. புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்கும் போராட்டம் முற்றிய காலத்தில் எல்லைப்புற ஊர் மக்கள் பெரிதும் அவதிப்பட்டனர். வயல் ஒருபுறமும் வீடு மறுபுறமுமாக இருந்தவர்கள் பாடு சொல்லத் தேவையில்லை.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. பிற்காலத்தில் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. சின்னபாபுசமுத்திரத்துக்கும் வில்லியனூருக்கும் இடையே ரயில் இன்று எல்லையைப் பொருட்படுத்தாமல் கடக்கிறது. சாலையில் மட்டும், புதுச்சேரி மது பாட்டில்களைத் தேடும் தமிழ்நாட்டுக் காவல் துறையின் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன.