கண்ணில் படாத கணக்கு – 9: நானூறு தாய்மார்கள்

1986-ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. தொற்று நம் தேசத்தில் புகுந்துவிட்டதைக் கண்டறிந்த வரலாற்றை முன்பே சொல்லியாயிற்று. மறுபடி சொல்ல இடமில்லை. தொப்பூர்க் கணவாய் வழியே போகும் லாரிக்காரர்களைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் வேறொரு விஷயம் குறுக்கே வந்து வழியை மறித்துக்கொண்டது.

தருமபுரி மாவட்டத்தில் இவ்வருஷம் எத்தனை பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியது என்று கேட்டால், நேராக எண்ணிப் பார்த்து விடை சொல்லக்கூடியவர் ஒருவருமில்லை. நம்பிக்கை மையத்தில் இரத்தம் கொடுத்து, தொற்று உண்டென்று இன்று அறிந்து திரும்புகிறவர், சில மாதங்களுக்கு முன் அதற்கு ஆளானவராகவும் இருக்கலாம். எட்டு வருஷங்களாக யாதொரு குறியுமின்றி உழைத்துத் திரிந்தவராகவும் இருக்கலாம். நோயோடு வாழ்பவர்களின் மொத்தத் தொகையைப் பிடித்துக்கொள்வோமென்றாலோ, அது இன்னும் பெரிய ஏமாற்றம். 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகு, இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்து வாழ்கிறார்கள். ஆகவே அந்தத் தொகை குறையாமல் நிற்பது பல சமயம் வைத்தியத்தின் வெற்றியேயன்றித் தடுப்பு முயற்சியின் தோல்வியன்று. பிரத்தியட்சமாகக் காண முடியாததை, மலையில் எழும் புகையைக் கண்டு நெருப்பை அநுமானிக்கும் தர்க்க சாஸ்திரியைப்போல, வேறொன்றைக் கொண்டுதான் அறியவேண்டியிருக்கிறது.

அந்த வேறொன்று, கர்ப்பிணிகளின் மிச்ச இரத்தம்! 1998 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடெங்கும் நடத்திவந்த கண்காணிப்பில், தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைக்காக வரும் கர்ப்பிணிகளை, பொறுக்கித் தள்ளாமல் வந்த வரிசையிலேயே, மூன்று மாதத்துக்குள் நானூறு பேர் சேரும்வரை எடுத்துக்கொண்டு, சிபிலிஸ் என்னும் மேகநோய்ப் பரிசோதனைக்காக எடுத்து மிஞ்சிய இரத்தத்தில், பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, எச்.ஐ.வி. உண்டா என்று பார்த்தார்கள். இதில் என்னைப் பரவசப்படுத்திய நுட்பம் வயதைப் பற்றியது. பதினைந்து முதல் இருபத்துநான்கு வயதுக்குள் இருக்கும் பெண்கள், பெரும்பாலும் சமீபத்தில் இல்வாழ்க்கை தொடங்கியவர்கள். ஆகவே அவர்களிடம் காணும் தொற்று பழையதாயிருக்க இடமில்லை. மரணம் அவர்களை இன்னும் தொகையிலிருந்து கழித்திருக்காது. மருந்து அதை நீட்டியிருக்கவும் செய்யாது. இளவயதுத் திருமணம் இன்றும் அடியோடு ஒழியாத தருமபுரியில், வேலை தேடிப் பெங்களூர் செல்லும் ஆடவர்களுள் யாரேனும் திரும்புகையில் கொண்டுவந்த தொற்றையும், தம்மீது குற்றமேதுமில்லாத இளந்தாய்மாரின் இரத்தமே காட்டிக் கொடுக்கும்.

ஆனால் நானூறு என்பது சிறிய எண். நூற்றுக்கு ஒன்று என்றால் நான்கு பேர். அந்த நான்கு அடுத்த வருஷம் இரண்டானாலும் ஆறானாலும் அது வெறும் தற்செயலாயிருக்கக்கூடும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2007 முதல், மாவட்டங்களை நான்கு வகையாகப் பிரித்தபோது, முந்தைய மூன்று வருஷங்களில் ஏதேனும் ஓரிடத்துக் கர்ப்பிணிகளிடையே ஒரு சதவீதத்தைத் தாண்டிய மாவட்டமே முதல் வகையில் வைக்கப்பட்டது. இரண்டொருவர் கூடினாலும் குறைந்தாலும் ஒரு மாவட்டத்தின் தலையெழுத்தே மாறிவிடும்! ஒரு மாவட்டத்தின் ஒரு வருஷத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழாக் கொண்டாடுவோர் இதைச் சற்றே சிந்திப்பாராக.

பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை துலங்கும். சண்டிகரைச் சேர்ந்த ராஜேஷ் குமாரும் டொராண்டோவைச் சேர்ந்த பிரபாத் ஜாவும் பிறரும், 216 மகப்பேற்று மையங்களுக்கு வந்த 2,94,050 பெண்களின் முடிவுகளைத் திரட்டி, 2006-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் இளந்தாய்மாரிடையே 2000-ல் 1.7 சதவீதமாக இருந்த தொற்று 2004-ல் 1.1 ஆகக் குறைந்திருந்தது. வடக்கே அத்தகைய வீழ்ச்சி தென்படவில்லை.

இதையும் 2007-ல் நடந்ததையும் குழப்பிக்கொள்ளலாகாது. தேசியக் குடும்பநல ஆய்வில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டபின், இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்றிருந்த நோயாளிகளின் மதிப்பீடு சுமார் இருபத்தைந்து லட்சமாகச் சுருங்கிற்று. பாதிப் பேர் ஒரே நாளில் காகிதத்தினின்று மறைந்தார்கள். அது அளவுகோலைத் திருத்தியதால் வந்த குறைவு. இளந்தாய்மாரிடம் கண்டதோ தொற்றே குறைந்ததன் அடையாளம்.

ஏன் குறைந்தது? சுவர்தோறும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று கேட்டு ஊரையே திகைக்கவைத்த விளம்பரத்துக்கு அதில் எவ்வளவு பங்கு, ஆணுறைக்கு எவ்வளவு, லாரிக்காரர்களின் மனமாற்றத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் தொப்பூரோடு சேர்த்து அடுத்த வாரம்.

இப்போதைக்கு நிலைமை இது: 2010-ஐ அடிப்படையாகக் கொண்டால், 2023 வரையில் இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாகத் தொற்றுவோர் தொகை சுமார் 44 சதவீதம் குறைந்திருப்பதாக அரசாங்க மதிப்பீடு. உலக நாடுகள் 2020-க்குள் அடைவதாகச் சங்கற்பம் செய்துகொண்டதோ 75 சதவீதம். குறைந்தது மெய், சொன்ன அளவு குறையவில்லை என்பதும் மெய்.

(தொடரும்)