ஒன்று கடல், ஒன்று மலை

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே வருகிறது. ஜூலையில் இருப்பதைவிடச் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில். அப்போது தென் துருவத்தில் கோடைக்காலம். சூரியன் மறைவதே இல்லை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் 24 மணி நேரத்துக்கும் கூட்டிப் பார்த்தால், வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் வெயில் நிலநடுக்கோட்டைவிடத் தென் துருவத்துக்கு மேலேதான் அதிகம். அப்படியும், அங்கே இதுவரை பதிவானதில் மிக உயர்ந்த வெப்பநிலை மைனஸ் 12.3 டிகிரி செல்சியஸ்தான். அது 2011 டிசம்பர் 25 அன்று. வட துருவத்திலோ கோடையில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. பனிமேல் நீர் குட்டை கட்டிக் கிடக்கிறது.

துருவங்களைப் பற்றிப் பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதைப் பற்றியதுதான். இரண்டும் பூமியின் முனைகள். இரண்டுக்கும் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. பிறகு ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு குளிர வேண்டும்?

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

வட துருவத்தில் நிற்பவர் காலடியில் நிலமே கிடையாது. இரண்டு மூன்று மீட்டர் தடிமனுள்ள கடற்பனி, அதற்கு அடியில் நான்கு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான ஆர்க்டிக் கடல். 1958 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கு அடியிலேயே ஓடித் துருவத்தைக் கடந்தது. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். மேலே காற்று மைனஸ் 30-இல் விறைத்துக் கிடக்கும்போது, அடியில் இருக்கும் இந்த நீர் கணப்புச் சட்டிபோல வேலை செய்கிறது. பனியின் வெடிப்புகள் வழியாகவும் பனியினூடாகவும் வெப்பம் மேலே கசிந்துகொண்டே இருக்கிறது. கடல் இருக்கும்வரை வட துருவம் ஓர் அளவுக்கு மேல் குளிராது.

தென் துருவத்துக்கு அந்தக் கணப்பு இல்லை. அது கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 2,700 மீட்டர் வெறும் பனி. உயரம் ஏற ஏறக் குளிரும் என்பது மலையேறிய எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு, அந்த வெண்பனி தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆறு மாத இரவில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஈரமில்லை, மேகம் குறைவு. தரை தன் வெப்பத்தை எல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. தென் துருவம் அமைந்த அண்டார்க்டிகா கண்டத்திலேயே, 3,488 மீட்டர் உயரத்திலுள்ள ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. தரையில் நேரடியாக அளந்தவற்றில் இதைவிடக் குறைந்த வெப்பநிலை இதுவரை பதிவாகவில்லை.

அண்டார்க்டிகா எப்போதும் இப்படி இருந்ததா என்ற கேள்விக்கு ஒரு துயரக் கதையில் பதில் இருக்கிறது. 1912 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ஸ்காட்டின் குழு, நார்வே ஆய்வாளர் ஆமுண்ட்சென் தங்களுக்கு முன்பே வந்து போய்விட்டதைக் கண்டு திரும்பியது. வழியில் பியர்ட்மோர் பனியாற்றின் அருகே புதைபடிவக் கற்களைச் சேகரித்தார்கள். உணவு குறைந்தது, உடல் ஓய்ந்தது. ஆனாலும் சுமார் 16 கிலோ கற்களைச் சாகும்வரை இழுத்தே வந்தார்கள். பின்னாளில் அவர்களுடைய உடல்களோடு அந்தக் கற்களும் கிடைத்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலைகள் பதிந்திருந்தன. உறைந்த கண்டத்தில் காடு! அதே இலைகள் இந்தியாவின் நிலக்கரிப் படிவுகளிலும் உண்டு, ஏனென்றால் இரண்டும் அப்போது கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பின் பகுதிகள். சென்னைப் பல்லாவரத்தில் வெட்டி எடுத்த சார்னோகைட் வகைக் கருங்கல்லும் கிழக்கு அண்டார்க்டிகாவில் கிடைக்கிறது. பிறகு கண்டங்கள் விலகின. அண்டார்க்டிகாவைச் சுற்றிக் கடல் வளைத்துக்கொண்டது; வெப்பமான நீரும் காற்றும் எளிதில் நெருங்க முடியாதபடி மேற்குக் காற்றும் கடல் நீரோட்டமும் அதைச் சுற்றிச் சுழன்றன. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் பனிப்போர்வை உருவானது.

இவ்வளவு பனி இருந்தும் அண்டார்க்டிகா ஒரு பாலைவனம் என்றால் பலர் நம்புவதில்லை. குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. துருவத்தில் ஓர் ஆண்டில் விழும் பனியை உருக்கினால் சில சென்டிமீட்டர் நீர்தான் தேறும். கொஞ்சமாகத்தான் விழுகிறது, ஆனால் விழுந்தது உருகுவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்ததுதான் அந்த மலை.

துருவப் பனி உருகினால் கடல் உயருமா? இதற்கும் காலுக்குக் கீழே பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆர்க்டிக் கடற்பனி ஏற்கெனவே நீரில் மிதப்பது; அது உருகுவதால் கடல் மட்டம் கிட்டத்தட்ட உயர்வதே இல்லை. ஆனால் வெள்ளைப் பனி போன இடத்தில் கறுத்த கடல் வெயிலைக் குடிக்கிறது. ஆர்க்டிக் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிலத்தின் மேல் கிடக்கும் பனியின் கணக்கு வேறு. கிரீன்லாந்து முழுவதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்க்டிகா முழுவதும் உருகினால் 58 மீட்டர். அப்படி முழுவதும் உருகப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். ஆனால் ஒரு மீட்டரே கடலோர ஊர்களுக்குத் தாங்காது.

தென் துருவத்தின் அந்தப் பனிமலை அசையாமல் நிற்பதும் இல்லை. தன் எடையாலேயே கடலை நோக்கி மெல்ல வழிகிறது. துருவப் புள்ளியில் நட்ட அடையாளக் கம்பம் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்ந்துவிடுவதால், அங்குள்ள ஆமுண்ட்சென்-ஸ்காட் ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் சரியான இடத்தில் புதுக் கம்பம் நடுகிறார்கள். 1911 டிசம்பரில் ஆமுண்ட்சென் துருவத்தில் விட்டுவந்த கூடாரத்தை அடுத்த மாதம் ஸ்காட்டின் குழு பார்த்தது. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. பனிக்குள் ஆழப் புதைந்து, அதுவும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.