மடகஸ்கார் தலைநகரில் ஏமாறாமல் நடமாடுவது எப்படி?

இரத்தினக்கல் வியாபாரிகளுக்கு மடகஸ்கார் புதிய பெயரல்ல. 1998இல் அந்நாட்டின் தெற்கே இலகாகாவில் நீலக்கல் கண்டெடுக்கப்பட்ட பின்னர், பேருவளை போன்ற ஊர்களிலிருந்து அங்கு சென்று வந்தவர்கள் பலர். ஆனால் கல்லைப் பார்த்தவுடன் தரம் சொல்லும் அனுபவசாலிகூட தலைநகர் அன்டனானரிவோவில் வாடகைக் காருக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடக் கூடும். அங்கே விலை பேசும் முறையை அவர் அறியாததே காரணம்.

அந்நாட்டு நாணயம் அரியாரி. 2005 ஜனவரி 1ஆம் திகதி அது பிராங்குக்குப் பதிலாக வந்தது. 5 பிராங்க் ஓர் அரியாரிக்குச் சமம். பிராங்க் போய்விட்டாலும் பழைய கணக்கு எல்லோருடைய வாயையும் விட்டுப் போகவில்லை. முதியவர்களும் கிராமத்துச் சந்தைக்காரர்களும் இன்னும் பிராங்கில் விலை சொல்வதுண்டு. 'ஐம்பதாயிரம்' என்றால் அது 50,000 அரியாரியாகவும் இருக்கலாம், 10,000 அரியாரியாகவும் இருக்கலாம். எனவே, 'அரியாரியா, எஃப்.எம்.ஜி.யா?' என்று கேளுங்கள். எஃப்.எம்.ஜி. என்பது பழைய பிராங்க். தொகையைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் குறைவு. மலகாசியும் பிரெஞ்சுமே புழக்கத்திலுள்ளன.

நகரில் ஓடும் வாடகைக் கார்களில் பல வெளிர் மஞ்சள் நிறப் பழைய ரெனோ 4, சிட்ரோயன் 2சிவி வண்டிகள். மீட்டர் கிடையாது. ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். இரவில் கட்டணம் கூடும். சாரதி வழியில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி முன்பணம் கேட்டால் பதற வேண்டாம். ஓட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் எண்ணெய் அடிப்பது அங்கு வழக்கம். கொடுத்ததை இறங்கும்போது கழித்துக்கொள்ளுங்கள். 'தக்சி-பே' என்னும் சிறிய பஸ்கள் மலிவானவை. ஆனால் நெரிசல் மிக்கவை. பணமோ கல்லோ கையிலிருந்தால் அவற்றில் ஏறாதீர்கள்.

நகரம் குன்றுகளின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடம் மேட்டின் உச்சியில் இருக்கும். கீழே அனலகேலி கடைவீதியிலிருந்து மேலே அன்டனினரெனினாவுக்குக் கல்படிகளில் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். கார் சுற்றிப் போக வேண்டும். அனலகேலியில் ஜேப்படிக்காரர் தொல்லை உண்டு. பணப்பையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்வதால் வீதியைக் கடக்கும்போது நமது பழக்கம் உதவாது.

ஒரு விடயம் நம்மவருக்கு இலகுவாக இருக்கும். மலகாசி மொழியின் கிழமைப் பெயர்கள் அறபியிலிருந்து வந்தவை. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு 'சுமா'. வெள்ளிதோறும் அனலகேலியில் கூடிய பெரிய சந்தைக்கும் அதுவே பெயர். 1990களில் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. சந்தை கூடும் நாளையே ஊர்ப் பெயராகக் கொண்ட இடங்களும் உண்டு. தலாதாமாதி என்பதில் செவ்வாயும் அலருபியாவில் புதனும் ஒலிப்பதைக் கேட்கலாம்.

இவாட்டோ விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் நெரிசல் வேளையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். எனவே ஒரு நாளில் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டு சந்திப்புகளுக்கு மேல் வைக்காதீர்கள். அவசரப்பட்டு ஓடுபவர் கூலியிலும் பேரம் பேசமாட்டார், கல்லிலும் பேரம் பேசமாட்டார்.