வராத அலைக்கு ஓடும் உடல்

கடந்த வருடம் டிசம்பரில் ஒருநாள், மஃரிப் தொழுகை முடித்த என் உம்மா முஸல்லாவிலிருந்து எழும்பவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "புள்ள, மூச்செடுக்க ஏலாம இரிக்கு, நான் மௌத்தாகப் போறன்" என்றார். கைகள் நடுங்கின, உடம்பெல்லாம் வியர்வை. வாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். பரிசோதித்த வைத்தியர், இருதயத்தில் கோளாறில்லை, இது பீதித் தாக்கம் என்றார்.

பார்க்க வந்த உறவினர் ஒருவர், ஈமான் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி வரும் என்றார். தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் உம்மாவைப் பார்த்து! அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஆபத்தை மூளை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். பாம்பைக் கண்டால் ஓடித் தப்புவதற்கு இது வேண்டும். பாம்பே இல்லாத நேரத்தில் இதெல்லாம் நடப்பதுதான் பீதித் தாக்கம். வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, தலை சுற்றும், விரல்கள் விறைக்கும். மூச்சு முட்டுவதாகத் தோன்றும்போது உண்மையில் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விடுகிறோம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும்.

நம் ஊராருக்கு இது புதிதல்ல. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சுனாமி எச்சரிக்கை கேட்டு, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உம்மா சம்மாந்துறைப் பக்கம் ஓடினாராம். அன்று கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனாலும் ஓடியவர்களை எவரும் நடிப்பு என்று சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். உம்மா அன்று தன் தங்கையைப் பறிகொடுத்தவர். டிசம்பரில் கடல் இரைந்தால் அவரது உடம்பு இன்னும் ஓடப் பார்க்கிறது.

இப்படியொரு இழப்பு இல்லாதவர்களுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் நமக்கும்கூட இது வரலாம். அதைவிட வருத்தம், அடுத்தது எப்போது வருமோ என்ற பயம். உம்மா மாதக்கணக்கில் சந்தைக்குத் தனியாகப் போகவில்லை.

முதல் தடவை வந்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இருதய நோயும் தைரொயிட் நோயும் இதேபோல் தோன்றலாம். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, ஓதிக்கொண்டே கிளினிக்குக்கும் போகலாம். உளவளத்துணையாலும் மருந்தாலும் பலர் நலமடைகிறார்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவிச் சேவையுடையது.

ரமழானில் உம்மாவுக்கு மறுபடியும் வந்தது. "பயப்படாதீங்க" என்று நான் சொல்லவில்லை, அதனால் பயனில்லை. பக்கத்திலிருந்து கையைப் பிடித்து, மூச்சை மெதுவாக வெளியே விடச்சொல்லி எண்ணிக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் போயிருக்கும்.

"கஞ்சி ஆறப்போகுது, வாப்பாக்கு எடுத்துக் குடு புள்ள" என்றார் உம்மா.